திரும்பி வந்த மஞ்சள் கற்கள்

கண்ணை மூடிக்கொண்டு ஆற்றில் கல் பொறுக்கும் ஒரு பெண்ணை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கும் எதிர்த் தேயிலை மலைக்கும் நடுவே ஓர் ஓடை ஓடியது. மழை இல்லாத நாளில் பாவாடை நனையாமல் தாண்டிவிடலாம். ஆனாலும் லயத்தில் எல்லோருக்கும் அது ஆறுதான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட அந்தப் பெண் ஆற்றுக்குள் ஓர் அடி எடுத்து வைப்பாள். முகத்தை மேலே திருப்பிக் கண்ணை மூடுவாள். குனிந்து கையைத் தண்ணீருக்குள் விடுவாள். எந்தக் கல் முதலில் விரலில் படுகிறதோ அதை எடுத்து, நண்டுக்கால் மாதிரியான ஓர் இரும்புக் கருவியால் அகலத்தை அளப்பாள். கரையில் நின்ற இளைஞனிடம் எண்ணைச் சொல்லிவிட்டுக் கல்லைத் திரும்பப் போடுவாள். பிறகு அடுத்த அடி.

நாங்கள் பிள்ளைகள் கரையில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு காரியம் செய்கிறவர்களை எங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். இந்த அக்கா கல்லிடம் குறி கேட்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். அதை நாங்கள் எல்லோரும் நம்பினோம். பார்த்து எடுத்தால் கை அழகான கல்லையே தேடிப் போகும், அதனால்தான் பார்க்காமல் எடுக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் கண்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஆறு எவ்வளவு உறுதியாக இருக்கிறது, எங்கே கரையை அரிக்கிறது என்று பார்த்துச் சொல்ல அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கு அவள் ‘அளவு மிஸ்’. தமிழ் கொஞ்சம் பேசுவாள். சிங்களத்தில் தங்கையைக் கூப்பிடுவதுபோல என்னை நங்கி என்று கூப்பிடுவாள்.

அவளை வரவழைத்தது அந்த வருடத்து மழை. ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. தண்ணீர் இரைகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. கடக்… கடக்… என்று, நம் வீட்டுத் தரைக்குக் கீழே வேறொரு குடும்பம் கட்டிலையும் பெட்டியையும் இழுத்துப் போடுவதுபோல. “கல்லு உருளுதும்மா, தூங்கு” என்பார் அப்பா. எனக்குத் தூக்கம் வராது. கல் உருண்டால் ஓரிடத்தில் போய் நிற்க வேண்டாமா? இது நிற்கவே இல்லையே.

ஆற்றுக்கு மிக அருகில் இருந்தது லயத்தின் கடைசிக் காம்பரா, ஓர் ஒற்றை அறை. அதில் பெரியம்மா இருந்தாள். அம்மாவுக்கு அக்கா. பெரியப்பா இறந்து போயிருந்தார், பிள்ளைகள் கிடையாது. வயதாகிவிட்டதென்று அவளைக் கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அவள் சமைக்கும் குசினி காம்பராவுக்குப் பின்பக்கம், கரையின் விளிம்பில், ஆற்றை எட்டிப் பார்ப்பதுபோல் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா மலையிலிருந்து வரும்வரை நான் அங்கேதான் கிடப்பேன். ரொட்டியைக் கொஞ்சம் கருக விட்டுச் சீனி தூவிக் கொடுப்பாள். கருகலே எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மிஸ் அந்த இளைஞனோடு சேர்ந்து இரண்டு காரியங்கள் செய்தாள். தேங்காய் அளவிலும் அதற்குச் சிறிதாகவும் கற்களைப் பொறுக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்பில் நம்பர் எழுதி, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறுகரை வரை வரிசையாக வைத்தாள். அடுத்து, பெரியம்மாவின் குசினிக்குக் கீழே செங்குத்தாக நின்ற மண் கரையில் நீளமான இரும்புக் கம்பிகளை, தலை மட்டும் தெரியும்படி முழுக்க அறைந்து இறக்கினாள். கரை கரைந்தால் கம்பி வெளியே நீட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு வலு இருந்தால் மஞ்சள் கல் இருந்த இடத்தில் இருக்காது.

இது லயத்துக்குள் வந்து சேர்வதற்குள் வேறு கதையாகிவிட்டது. எங்கள் தோட்டத் தலைவர் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் ஏறி நின்று சொன்னார்: “கல்லு அடிச்சிக்கிட்டுப் போச்சுன்னா ஆறு மோசம்னு எழுதுவாங்க. எழுதுனா இந்த லயத்த இடிச்சுட்டு மேல ரோட்டுக்கிட்ட எல்லாருக்கும் தனி வீடு. கல்லு போகலன்னா நாம இங்கனயேதான்.”

அன்றிலிருந்து லயமே, ஆறு மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தது. மழைக்காக ஏங்கிய மழைநாட்டு ஜனங்களை அந்த ஒரு பருவத்தில்தான் பார்த்தேன். எங்கள் அப்பா தேயிலை ஃபெக்டரியிலிருந்து வந்ததும் முதலில் ஆற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்.

பெரியம்மா மட்டும் வேண்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போனாள். “அந்தக் கல்லு வச்ச எடத்துலயே இருந்தா லயத்த இடிக்கமாட்டாங்களா, கேளு” என்றாள். நான் கேட்டேன். மிஸ் கொஞ்சம் யோசித்து, “கல் போகல்லன்னா ஆறு கொஞ்சம் நல்லது” என்றாள். பெரியம்மா தலையாட்டிவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெருமழை ஒரு சனிக்கிழமை இறங்கியது. அன்று தரைக்குக் கீழே குடியிருந்தவர்கள் வீட்டையே காலி செய்தார்கள். அப்படி ஒரு கடகடப்பு. நடுராத்திரியில் மழை விட்டு, ஞாயிறு விடிந்ததும் லயமே ஆற்றுக்கு இறங்கியது. பெண்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தலைவர் புதுச் சட்டை போட்டிருந்தார்.

கற்கள் வரிசையாக இருந்தன.

ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, வைத்தது வைத்தபடி. நம்பர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் நாங்கள் உட்கார்ந்து பார்த்த கரை இல்லை. அங்கே நின்ற கொய்யாமரம் வேரோடு போயிருந்தது. பெரியம்மாவின் குசினிக்குக் கீழே அறைந்த கம்பிகள் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன, உள்ளேயிருந்து யாரோ தள்ளியதுபோல. இத்தனையையும் அள்ளிக்கொண்டு போன தண்ணீர், கையால் தூக்கிவிடக்கூடிய கற்களை மட்டும் தொடவில்லை.

 ஒரு கிழவர்தான் முதலில் செருப்பைக் கழற்றினார். பிறகு எல்லோரும் கழற்றினார்கள்.

வரிசையின் ஓரத்தில் ஒரு கல்லுக்கு நம்பரே இல்லை. அதன் மஞ்சள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மங்கல். “ஆத்து முனி தன் கல்லையும் சேத்து வச்சிருக்குப்பா” என்றார் கிழவர். அந்தக் கல்லுக்குக் குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்தினார்கள். கும்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு முனிமேல் உள்ளூரக் கோபம். தலைவர் கும்பிட்டுக்கொண்டே, “ஒரு நாலு கல்லயாச்சும் வுட்டுருக்கலாம்” என்று முனகியது எனக்குக் கேட்டது.

அந்த வாரமே மிஸ் வந்தாள். கம்பிகளை அளந்தாள். கற்களைப் பார்த்தாள். திரும்பக் கம்பிகளிடம் போனாள். “கரை போயிருக்கு. கல் போகல்ல. எப்பிடி?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சூடம் கொளுத்திய கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, குங்குமத்தைத் தொடாமல் ஓரத்தை விரலால் தேய்த்தாள். விரல் மஞ்சளானது, அம்மியில் மஞ்சள் அரைத்த விரல்போல. முகர்ந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து எங்கள் லயத்தை, ஒவ்வொரு கதவாக, நெடுநேரம் பார்த்தாள். கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டாள்.

போகும்போது என்னிடம் மட்டும் கேட்டாள்: “நங்கி, ஆறு கல்லை வைக்கும்போது நம்பரை மேல பாத்து வைக்குமா?”

 அந்தக் கேள்விக்குப் பிறகு நான் ஆற்றுக்கு இறங்கவில்லை. முனி என்றால் எனக்குப் பயமில்லை, அதற்குப் பூசை போடலாம். இது வேறு. இதற்குக் கை இருக்கிறது. நம்பர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அடுத்த பெருமழை ஒரு பள்ளிக்கூட நாளில் பெய்தது. காலை முழுதும் கொட்டி, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு நின்றது. நின்றதும் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. ரோட்டிலிருந்து லயத்துக்கு வரும் குறுக்குப் பாதை ஆற்றை ஒட்டியே ஏறும். வேறு வழியாக வந்தால் நேரமாகும் என்று அதிலேயே வந்தேன். தேயிலைச் செடிகள் நாலு வரிசைக்கு மேல் தெரியவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கடக்… கடக்…

நான் ஆற்றைப் பார்த்தேன். சத்தம் ஆற்றிலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால், பாதையிலிருந்து வந்தது. தண்ணீருக்குக் கீழே கிடக்க வேண்டிய சத்தம் கரையேறி, நான் வந்த வழியிலேயே மேடு ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்கு நடை இருந்தது. கொஞ்சம் நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடியும் கடக்.

செடிகளுக்குள் புகுந்து குந்திக்கொண்டேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு கூன் வந்தது. பிறகு கொழுந்துக்கூடை. கூடையின் கயிறு நெற்றியில் இறங்கியிருக்க, தலைக்கு மேல் சாக்கைக் கவிழ்த்து, உடம்பெல்லாம் சேறாக ஓர் உருவம். கூடைக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம். அதற்குப் பின்னால் இன்னொன்று, ஒரு கல்லைக் கைப்பிள்ளையைப் போல இடுப்பில் ஏந்திக்கொண்டு. மஞ்சள் கல்.

முன்னால் போனதற்குப் பெரியம்மாவின் முகம் இருந்தது. பின்னால் போனதற்கு அம்மாவின் முகம்.

அந்நேரம் அம்மா மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மழைக்காக அன்று மத்தியானமே பாதிக் கூலியோடு விட்டுவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவின் முகம் வைத்திருந்த அது திரும்பி, நான் ஒளிந்திருந்த செடியைப் பார்த்தது. கண் நேராக என் மேல் விழுந்து, நான் அங்கே இல்லாததுபோல் நகர்ந்து போனது.

“இன்னும் ரெண்டு அம்புடலடி” என்றது முன்னால் போனது.

“வா அக்கா. பிள்ள வர்ற நேரம்” என்றது பின்னால் வந்தது.

என்னைப் பற்றி அதற்குத் தெரிந்திருக்கிறது. 

அவை மேலே ஏறி மறைந்தபின் சுற்றுவழியில் ஓடிப் போய் இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். அம்மா வழக்கமான நேரத்துக்கு, வழக்கமாக வருவதுபோல் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. என் தலையைத் தொட்டபோது கையில் தேயிலை மணக்கவில்லை, ஆற்று மண் மணத்தது.

அன்றைக்கே, வீட்டில் இருப்பது அம்மா இல்லை, ஆற்றிலிருந்து வந்த எதுவோ அம்மாவின் முகத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். அது சோறு பிசைந்து ஊட்ட வந்தால் வாயைத் திறக்கமாட்டேன். தலை வார வந்தால் அப்பாவிடம் ஓடிவிடுவேன். பெரியம்மாவின் வாசலுக்குப் போகவே இல்லை. கருகிய ரொட்டியைத் தட்டில் மூடி அனுப்பினாள். அதைக் கோழிக்குப் போட்டேன்.

கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். “அப்பா, இது அம்மா இல்ல.”

அப்பா சிரித்தார். “பின்ன யாரு?”

பாதையில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பு பாதியிலேயே நின்றது. என்னை இஸ்தோப்பில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். குரல்கள் பலகைக் கதவு வழியாக அப்படியே கேட்டன.

“மூணு தலமொறையா இந்த ஒத்தக் காம்பராவுல கெடக்கோம். ஒரு வீடு வரப்போற நேரத்துல நீயே கல்லத் தூக்கி வக்கிறியா?”

“வீடு பேர் இருக்கவங்களுக்குத்தானேங்க. அக்காவுக்குப் பேர் இல்ல. லயத்த இடிச்சுட்டா அவ எங்கிட்டுப் போவா?”

“அதுக்கு?”

“நம்மகூட வச்சுக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாளைக்கே கல்ல விட்டுர்றேன்.”

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா திரும்பவும் கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை.

தோட்டத்தில் வேலைக்குப் பதிந்திருப்பதைத்தான் பேர் இருப்பது என்பார்கள். வேலை நின்றதும் பேர் வெட்டப்படும். பேர் இல்லாதவர்கள் காம்பராவில் இருப்பது யாரும் கேட்காதவரைதான். இதையெல்லாம் விளக்க அங்கே யாரும் இல்லை. நான் கேட்டது ஒன்றுதான், பெரியம்மாவுக்குப் பேர் இல்லை. பேரே இல்லாத ஒருத்தி எப்படி மனுஷியாக இருக்க முடியும்? சந்தேகம் எல்லாம் தீர்ந்துவிட்டது.

மிஸ் மறுபடி வந்தது ஒரு சனிக்கிழமை. அம்மா ஆற்றுக்கு எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், அப்பா ஃபெக்டரியில். நான் மிஸ்ஸின் பின்னாலேயே திரிந்தேன். அவள் ஒருத்திதான் அசலான ஆள் என்று எனக்குத் தோன்றியிருந்தது. மஞ்சள் வரிசையை அவள் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னிக்குக் கல் வேணாம் நங்கி. கரை பாக்கலாம்.”

ஆற்றுக்குள் நின்று காட்டிக்கொண்டே வந்தாள். எங்கே மண் புதுச் சிவப்பாக இருக்கிறது, எங்கே வேர்கள் காற்றில் தொங்குகின்றன, எந்த மரம் ஆற்றுப் பக்கம் சாய்ந்து நின்று, சாய்ந்தபின் நுனியை மட்டும் மேலே வளைத்திருக்கிறது. நடுவில் கல்லும் மணலும் மேடு தட்டிக் கிடந்தன. “ஆறு கீழயும் வெட்டும், பக்கத்திலயும் வெட்டும். இங்க கீழ வெட்ட ஏலாது, கல் நிறைய. அதனால பக்கம் வெட்டுது” என்றாள். அவள் கை காட்டிய பக்கத்தில் லயம் இருந்தது.

குசினிக்குக் கீழே வந்தோம். கம்பிகளில் பாதி விழுந்துவிட்டிருந்தன. கரையின் அடி உள்வாங்கி, குனிந்து பார்த்தால் இருட்டான ஒரு பொந்து தெரிந்தது. மேலே புல்லும் மண்ணும் கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பொந்திலிருந்து புகை வந்தது.

மெல்லிய, நீலப் புகை. மண்ணுக்குள் யாரோ சோறு ஆக்குவதுபோல், வேர்களுக்கு இடையே கசிந்து, தண்ணீர்மேல் தவழ்ந்து போனது. விறகு எரியும் வாசனை அடித்தது. தரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்று நான் நம்பிய அந்தக் குடும்பம் அடுப்பு மூட்டிவிட்டது. 

மிஸ் மேலே பார்த்தாள். பெரியம்மாவின் குசினிக் கூரையிலும் புகை. கீழே பார்த்தாள். “அனே…” என்று சிங்களத்தில் ‘ஐயோ’ என்பதை மட்டும் சொன்னாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஓடினாள். பொந்து அடுப்புக்கு நேர் கீழே வரை போய்விட்டிருந்தது.

பெரியம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து சோற்றுப்பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். மிஸ் வாசலில் நின்று கத்தினாள். “அம்மா, வெளிய வாங்க! கீழ மண் இல்ல! ஒண்ணும் இல்ல!”

“தெரியும்” என்றாள் பெரியம்மா. “நீங்க போங்க மிஸ். நான் எறங்கிட்டா பூட்டு போட்டுருவாங்க.”

நான் மிஸ்ஸின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அடுப்பில் சாம்பல் நடுவில் குழிந்து, கீழேயிருந்து யாரோ உறிஞ்சுவதுபோல் தானாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோரமாக ஒரு வெடிப்பு, என் கை நுழையும் அகலத்துக்கு. பெரியம்மா அதன் மறுபக்கத்தில் இருந்தாள்.

பக்கத்துக் காம்பரா அக்கா எதிர்மலையைப் பார்த்துக் கூவினாள். மலை முழுதும் அந்தக் குரல் சுற்றியது. செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கூடை பிரிந்து, இறங்கி, ஆற்றைத் தாண்டி ஏறி வந்தது. அம்மா. கூடையைக் கழற்றக்கூட இல்லை. கொழுந்து வழியெல்லாம் சிந்தியிருந்தது.

“அக்கா, எந்திரி. என் காம்பராவுக்கு வா.”

“உன் புருசன் ஒண்ணும் சொல்லலையேடி.”

“அவரு சொல்லாட்டிப் போவுது. நான் சொல்றேன்ல.”

“அந்த வீட்டுல நான் எதுக்குடி? நீ பிள்ளைய கூட்டிக்கிட்டுப் போ.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த வெடிப்பைத் தாண்டி உள்ளே போய், கூடையோடு பெரியம்மாவின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “அப்ப நானும் இங்கனயே இருக்கேன்.”

தரை முனகியது. இழுபட்ட கட்டிலின் சத்தமேதான், ஆனால் மிக அருகில்.

அதற்கு முன் எத்தனையோ நாட்களாக அந்த முகத்தை அம்மா என்று நான் கூப்பிட்டிருக்கவில்லை. “அம்மா!” என்று என்னிடமிருந்து வந்த சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. “அம்மா! அம்மா!” மிஸ் என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இல்லாவிட்டால் நானும் உள்ளே போயிருப்பேன்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “எந்திரிடி. பிள்ள பயப்படுது” என்றாள், ஏதோ அம்மாதான் பிடிவாதம் பிடித்ததுபோல.

இருவரும் இஸ்தோப்புக்கு வந்து சேர்ந்ததும்தான் அது நடந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. களைத்துப்போன ஒருவர் பெருமூச்சுவிட்டு உட்காருவதுபோல் குசினி உட்கார்ந்தது. கூரைத் தகரம் ஒரு தடவை சிணுங்கியது. பிறகு அங்கே சுவர் இல்லை, அடுப்பு இல்லை. எதிர்மலை மட்டும் பச்சையாகத் தெரிந்தது. கீழே தண்ணீரில் தணல் விழுந்து ‘சுர்’ரென்று அணையும் ஓசை கேட்டது.

அன்று மாலை லயத்தையே பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாற்றினார்கள். அப்பா ஃபெக்டரியிலிருந்து நேராக அங்கே வந்தார். பெரியம்மா தான் காப்பாற்றிய பானையிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் சோறு போட்டிருந்தாள். அப்பாவுக்குப் போடுவதா வேண்டாமா என்று அவள் கை தயங்கியது. அப்பா ஒரு தட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். போட்டாள். முழுவதும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். அடுப்பு போனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

தலைவருக்குத்தான் கவலை. “கல்லு அசையலையே மிஸ், வீடு கெடைக்குமா?” என்று கேட்டார். மிஸ் யாருடைய முகத்தையும் பார்க்காமல், “கல் கணக்கு நான் எடுக்கல்ல. கரை கணக்குத்தான் எடுத்தேன்” என்றாள். எல்லோரும் வெளியேறும்வரை கரையை முனிதான் பிடித்துக்கொண்டிருந்தது என்று லயத்தில் முடிவாயிற்று. நம்பர் இல்லாத அந்தக் கல்லை எடுத்து வந்து ரோட்டோரம் கோயில் கட்டினார்கள். முதல் பூசையில் அம்மாவும் பெரியம்மாவும் முன்வரிசையில் நின்று கும்பிட்டதைப் பார்த்தேன். இருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை.

தகரக் கொட்டகையில் நெடுநாள் இருந்த பிறகு வீடு வந்தது, பேர் இருந்தவர்களுக்கு. எங்கள் வீட்டின் பின்பக்கம் அப்பா தன் கையாலேயே ஓர் அறையை இழுத்துக் கட்டினார். பெரியம்மா சாகும்வரை அதில் இருந்தாள். அப்பாவும் அவளும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அவர் வேலைக்குப் போகுமுன் குடிக்கும் தேத்தண்ணியை அவள்தான் ஊற்றுவாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த மழைக்காலம் முழுவதும், லயத்தில் இருந்தவரை, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். கதவோரம் பாய் போட்டு, புடவையை இறுகக் கட்டிக்கொண்டு, வலிக்கிற அளவுக்குப் பிடிப்பாள். தப்பி ஓடிவிடாமல் இருக்க அது என்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். உருண்டு போன கற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வந்தவளுக்கு, அந்தத் தண்ணீரின் வலு என்ன, அது எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று மிஸ்ஸுக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் என்னை அந்தத் தரையில் படுக்கவைத்தாள். தெரிந்ததால்தான் கையை விடவில்லை. இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஒரு கையில் தன் அக்காவையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு அவள் கிடந்த அந்த இரவுகளை என்னால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

கொட்டகையிலும் அந்தப் பிடி இருந்தது. புது வீட்டுக்குப் போய்ச் சில நாட்கள் கழித்து, ஒரு விடியற்காலையில் விழித்துப் பார்த்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். என் கை தனியாகக் கிடந்தது. இனிமேல் நான் வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவளை எழுப்பாமல், வெகுநேரம் அழுதேன்.